சினங்காக் களியாகிறது, தொசினோ கருகுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது காப்பாற்றுங்கள்

தவாவோ மாடிவீட்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பிலிப்பைன்ஸில், தவாவோவில் மருத்துவம் படிக்கிறேன், இரண்டாவது வருடம். நானும் இன்னொரு பையனும் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருக்கிறார். எல்லோரையும் போல நாங்களும் தீத்தா, அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு டெங்கு வந்து படுத்தபோது தினமும் இஞ்சி போட்ட கோழிக் கஞ்சி, அதுதான் அரோஸ் கால்தோ, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து மாடிப்படியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போவார். உள்ளே வர மாட்டார். ஒன்பது நாள்.

வரும் ஞாயிறு அவருக்குப் பிறந்தநாள். ஆறரை மணிப் பூசை முடிந்து எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். அப்போது மேசையில் சிலோக் தட்டு ஒன்று தயாராக இருக்க வேண்டும், இதுதான் ஆசை. சினங்காக் என்கிற பூண்டுச் சோறு, முட்டை, ஒரு கறி, மூன்றும் சேர்ந்த இந்த ஊர்க் காலைச் சாப்பாடு அது. நம் சாப்பாட்டையே செய்து கொடுக்கலாமே என்று கேட்காதீர்கள். ஒரு தடவை சாம்பார் கொடுத்தேன். "லாமி, லாமி" (ருசி, ருசி) என்று சொல்லிக்கொண்டே மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார்.

இரண்டு வாரமாக ஒத்திகை பார்த்ததில் நடந்தது இது:

சினங்காக்: ராத்திரி குக்கரில் சோறு வைத்து, மூடி போட்டு மேசையிலேயே விட்டேன். பழைய சோறுதான் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்களே. காலையில் வாணலியில் போட்டால் கொழகொழவென்று களி மாதிரி ஒட்டிக்கொண்டது. பூண்டு அதற்குள் கருகிவிட்டது. வாயில் வைத்தால் கசப்பு மட்டும்தான்.

தொசினோ: சந்தையில் சர்க்கரை போட்டு ஊறவைத்த பன்றி இறைச்சியைப் பொட்டலமாக வாங்கினேன். எண்ணெயைக் காயவைத்துப் போட்டேன். மூன்று நிமிடத்தில் வெளியே கரி. வெட்டிப் பார்த்தால் உள்ளே ரோஸ் நிறம். வெந்ததா இல்லையா என்றே தெரியவில்லை, பயந்து குப்பையில் போட்டேன்.

என்னிடம் இருப்பது ஒற்றை அடுப்பு, ஒரு வாணலி, ஒரு ரைஸ் குக்கர், வாடகைக்கு வரும்போதே இருந்த சின்ன ஃபிரிட்ஜ். நான் எல்லாம் சாப்பிடுவேன், தீத்தாவும் எல்லாம் சாப்பிடுவார். உதவுங்கள்.


கேசோன் சிட்டி அக்கா:

தம்பி, முதலில் அந்தச் சோற்றைக் கொட்டு. தவாவோ வெக்கையில் ராத்திரி முழுக்க வெளியே இருந்தால் அதற்குப் பெயர் பழைய சோறு இல்லை, ஊசிப்போன சோறு. இங்கே பானிஸ் என்பார்கள். பாசில்லஸ் சீரியஸ் பற்றி மருத்துவம் படிக்கிற பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டுமா? வறுத்தாலும் அதன் நஞ்சு போகாது. பிறந்தநாள் அன்று அந்த அம்மாவைப் படுக்க வைத்துவிடாதே.

நான் இந்த ஊருக்கு வந்து பதினேழு வருடம். என் வீட்டுக்காரரின் அம்மா பம்பாங்கா மாகாணத்தில் குவாகுவா ஊர்க்காரர். பம்பாங்காக்காரர்களுக்குச் சமையலில் இருக்கிற கர்வத்தைப் பற்றி லூசோனில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார். கல்யாணமான புதிதில் சினங்காக்கில் கொஞ்சம் மஞ்சள் தூளும் கறிவேப்பிலையும் போட்டேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பார்வை போதும் எனக்கு. ஆகவே உனக்கும் சொல்கிறேன்: கடுகு வேண்டாம், மிளகாய் வேண்டாம், வெங்காயம்கூட வேண்டாம். பூண்டு, எண்ணெய், உப்பு, சோறு. இவ்வளவுதான் சினங்காக். இட்லோக் என்றால் முட்டை. சினங்காக்கின் தலையையும் இட்லோக்கின் வாலையும் சேர்த்து ஒட்டினால் சிலோக். தலையில் எந்தக் கறியின் பெயரை வைக்கிறாயோ அதுதான் தட்டின் பெயர்: மாட்டிறைச்சித் தாப்பா என்றால் தாப்சிலோக், தொசினோ என்றால் தோசிலோக், லோங்கனிசா என்கிற தொத்திறைச்சி என்றால் லோங்சிலோக், பாங்குஸ் மீன் என்றால் பாங்சிலோக். கறி மாறலாம், சோறு மாறாது. அதனால் உன் கவலையில் முக்கால் பங்கைச் சோற்றுக்கு வை.

சந்தையில் அரிசி வாங்கும்போது தினோராதோ கேட்காதே. மணமாக இருக்கும், ஆனால் மெத்தென்று ஒட்டும். அரிசிக்காரரிடம் "லாஓன், புஹாக்ஹாக்" என்று சொல், புரிந்துகொள்வார். நாள்பட்ட அரிசி, உதிரி உதிரியாக வேகும். சனிக்கிழமை சாயங்காலம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தண்ணீர் குறைத்து வை. வெந்ததும் ஒரு தாம்பாளத்தில் பரப்பி, ஆவி அடங்கியதும் அப்படியே ஃபிரிட்ஜில் தள்ளு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே. முதல் ஒரு மணி நேரம் மூடாமலே இருக்கட்டும், மேல் ஈரம் போய்விடும். பிறகு மூடு. குளிரில் சோற்றின் மாவுச்சத்து இறுகி ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நிற்கும். சூடான சோற்றில் சினங்காக் வராமல் போவதற்கு இதுதான் காரணம், உன் கைப்பக்குவம் இல்லை.

காலையில் கையை லேசாக நனைத்துக்கொண்டு கட்டிகளை உடை. உப்பையும் இப்போதே சோற்றில் பிசிறிவிடு. வாணலியில் பிறகு போட்டால் ஒரு வாய் உப்பு, ஒரு வாய் சப்பு. மூன்று கப் சோற்றுக்கு ஒரு முழுப் பூண்டு, ஒரு பல் அல்ல, முழுத் தலை. இலோகோஸ் பூண்டு கிடைத்தால் வாங்கு. பல் சின்னதாக, உரிப்பதற்குள் நகம் போய்விடும், ஆனால் மணம் அதில்தான் இருக்கிறது. கத்தியின் பக்கவாட்டால் நசுக்கிவிட்டுப் பொடியாக நறுக்கு. விழுதாக அரைத்தால் கட்டாயம் கருகும்.

இப்போது முக்கியமான இடம். எண்ணெய் காயும் வரை காத்திருக்காதே. மூன்று மேசைக்கரண்டி எண்ணெயைப் பச்சையாக ஊற்றி, அதிலேயே பூண்டைப் போட்டு, சின்னத் தீயில் வை. அடுப்பை விட்டு நகராதே, போனைப் பார்க்காதே. வெளிர் மஞ்சளிலிருந்து பொன்னிறத்துக்குத் திரும்புகிற அந்த நொடியில் பாதிப் பூண்டை அரித்து எடுத்துவிடு. வெளியே எடுத்த பிறகும் அது தானாக இன்னொரு நிறம் ஏறும், அதற்கு இடம் கொடு. மீதிப் பூண்டு இருக்கும்போதே சோற்றைக் கொட்டித் தீயைக் கூட்டி, சட்டுவத்தால் அழுத்தாமல் அடியிலிருந்து புரட்டு. நாலைந்து நிமிடத்தில் பருக்கைகள் வாணலியில் துள்ள ஆரம்பிக்கும். அவ்வளவுதான். எடுத்துவைத்த பூண்டைத் தட்டில் மேலே தூவு.

தொசினோவுக்கு வருவோம். அதில் அவ்வளவு சர்க்கரை இருக்கும்போது நேரே காய்ந்த எண்ணெயில் போட்டால் கருகாமல் என்ன செய்யும்? முதலில் தண்ணீர். இறைச்சியை வாணலியில் பரப்பி, அரை கிலோவுக்கு ஒரு கப் தண்ணீர் ஊற்றி, நடுத்தரத் தீயில் வேகவிடு. தண்ணீர் வற்றுவதற்குள் கறி வெந்திருக்கும், கொழுப்பும் இறங்கியிருக்கும். பற்றாவிட்டால் ஒரு கரண்டி எண்ணெய். பிறகு அந்தச் சர்க்கரைப் பாகு கறியில் பளபளவென்று ஒட்டும் வரை திருப்பித் திருப்பி விடு. கடைசி இரண்டு நிமிடம்தான் ஆபத்து. லோங்கனிசாவுக்கும் இதே வழிதான்.

உள்ளே ரோஸ் நிறம் என்று பயந்தாயே, அது கடைக்காரர் போட்ட சலித்ரே என்கிற உப்பின் வேலை. நன்றாக வெந்த பிறகும் அந்த நிறம் போகாது. நிறத்தை வைத்து வெந்ததா என்று சொல்ல முடியாது. நீயே ஊறவைப்பதானால் சலித்ரே பக்கம் போகாதே, அளவு தப்பினால் விஷம். அது இல்லாமல் செய்தால் கறி பழுப்பாக வரும், சுவைக்கு ஒரு குறையும் இல்லை. பன்றியின் தோள்கறி, காசிம் என்று கேள், அரை கிலோ. அரை விரல் கனத்துக்குக் குறைவாக வெட்டச் சொல். அரை கப் பழுப்புச் சர்க்கரை, இரண்டு சிறு கரண்டி உப்பு, கால் கப் அன்னாசிச் சாறு, நாலு பல் பூண்டு, மிளகு. பிசைந்து வெள்ளிக்கிழமை காலையே ஃபிரிட்ஜில் வை. சிவப்பு வேண்டுமென்றால் அச்சுவேத்தே விதையை வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்று. என் மாமியார் இதையெல்லாம் தொசினோ என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் ஊரில் பிண்டாங் என்று ஒன்று, உப்பும் சர்க்கரையும் போட்டுப் புளிக்க வைப்பார்கள். அந்தப் புளிப்பு பொட்டலத் தொசினோவில் கிடைக்காது. அது இன்னொரு நாள் கதை.

வினிகர் மறந்துவிடாதே! சின்னக் கிண்ணத்தில் வினிகர், நசுக்கிய பூண்டு, லபூயோ மிளகாய் ஒன்று, உப்பு, மிளகு. சனிக்கிழமையே கலந்து வை. இனிப்பும் கொழுப்புமான கறிக்கு எதிரே இந்தப் புளிப்பு இல்லையென்றால் நாலு வாய்க்கு மேல் இறங்காது.


சேபு மாமா:

அக்கா சொன்ன சோற்று முறை நூற்றுக்கு நூறு. ஆனால் தம்பி, தவாவோவில் ஒரு பிசாயா பேசும் அம்மாவுக்குப் பம்பாங்கா தொசினோவா? இங்கே எங்களுக்குக் காலை என்றால் டாங்கிட். பந்தயான் தீவில் பிளந்து வெயிலில் காயவைத்து வரும் கருவாடு. நான் சேபு தாபோஆன் சந்தைக்குப் போய் வந்தால் சட்டையைத் துவைத்தாலும் வாசம் போகாது, அது வேறு விஷயம். உன் ஊரிலும் கிடைக்கும். காய்ந்த எண்ணெயில் ஒரு பக்கம் பத்து எண்ணு, திருப்பு, இன்னொரு பத்து, எடு. அப்பளம் பொரிக்கிற வேகம் வேண்டும். வினிகரில் தொட்டு, சினங்காக்கோடு கடித்தால் போதும், வேறு கறி எதற்கு?

இன்னொன்று. பிசாயாவில் காலை உணவுக்கு என்ன சொல்கிறார்கள் தெரியுமா? பாமாஹாவ். ராத்திரி மிஞ்சி ஆறிப்போன சோற்றுக்குப் பெயர் பாஹாவ். அந்தச் சோற்றிலிருந்துதான் காலைச் சாப்பாட்டுக்கே பெயர் வந்திருக்கிறது. இதை முதலில் கேட்டபோது எங்கள் ஆச்சி விடியற்காலையில் பானையைத் திறக்கிற சத்தம் காதில் கேட்டது.


தவாவோ மாடிவீட்டுக்காரன்:

அக்கா, இதை அச்செடுத்து அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டேன். மாமா, டாங்கிட் எனக்கும் ஆசைதான். ஆனால் போன மாதம் நான் கருவாடு பொரித்ததற்கு அறைத்தோழன் இரண்டு நாள் பேசவில்லை. ஜன்னல் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் அவன் கட்டிலுக்கு நேர் மேலே.

ஒரு சந்தேகம். ஒற்றை அடுப்பில் எதை முதலில் செய்வது? எல்லாம் சூடாக இருக்க வேண்டுமே. முட்டை முழுதாக வேக வேண்டுமா?


கேசோன் சிட்டி அக்கா:

தொசினோ முதலில். அது பத்து நிமிடம் ஆறினாலும் சரி, பாகு இறுகி இன்னும் நன்றாகவே இருக்கும். முடிந்ததும் வாணலியைத் தேய்த்துக் கழுவு, சோம்பல் படாதே. அடியில் ஒட்டிய சர்க்கரை மேல் பூண்டைப் போட்டால் மறுபடியும் கசப்புதான். அடுத்து சினங்காக். அதை ரைஸ் குக்கரில் கொட்டி, "வார்ம்" விசையில் மூடி வை, ஆனால் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வியர்த்துவிடும். முட்டை கடைசியில், அந்த அம்மா கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்ட பிறகு.

முட்டைக்கு எண்ணெய் தாராளமாக, நன்றாகக் காயட்டும். ஓரம் சரிகை மாதிரி பொரிய வேண்டும், மஞ்சள் கரு அசைய வேண்டும். அந்தக் கரு உடைந்து சோற்றில் ஓடுவதுதான் அந்தத் தட்டின் குழம்பு. பக்கத்தில் தக்காளித் துண்டு, கிடைத்தால் அச்சாரா என்கிற பப்பாளி ஊறுகாய். தட்டோடு கரண்டியும் முள்கரண்டியும் வை, கத்தி வைக்காதே. இங்கே கரண்டி விளிம்பாலேயே கறியை வெட்டிக்கொள்வார்கள்.

சேபுக்காரருக்கு: டாங்கிட் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் பிறந்தநாளுக்குக் கருவாடா?


பாகியோ வாத்தியார்:

சைவம் சாப்பிடுகிறவன் என்பதால் இந்தத் திரியில் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் முட்டை சாப்பிடுவேன், அதனால் ஒரு வார்த்தை. கத்தரிக்காயைத் தீயில் சுட்டு, தோலுரித்து, காம்போடு அப்படியே முள்கரண்டியால் தட்டையாக அமுக்கி, அடித்த முட்டையில் முக்கிப் பொரித்தால் தோர்த்தாங் தாலோங். நீளமான ஊதாக் கத்தரிக்காய்தான் சரி. பாகியோ குளிரில் வாரம் மூன்று நாள் எனக்கு அதுவும் சினங்காக்கும்தான். காம்பைப் பிடித்துத் தூக்கிச் சாப்பிடுகிற சந்தோஷம் தொசினோவில் உண்டா?

தம்பி தவாவோவில் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கொக்கோ விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு தாப்லேயாவை விட்டுவிடாதீர்கள். வறுத்த கொக்கோவை அரைத்துத் தட்டின வில்லை அது. நாலு வில்லையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு நுரை வர அடித்தால் சிக்வாத்தே. பங்கெரோஹான் சந்தையில் காலையில் புத்தோ மாயாவோடு விற்பார்கள், தேங்காய்ப்பாலும் இஞ்சியும் சேர்த்து அவித்த பசையரிசி. பெயரைக் கேட்டுப் புட்டு என்று நினைத்துப் போனேன், வந்தது வேறு. ஆனால் ஏமாற்றம் இல்லை. அதைக் காலையிலேயே வாங்கிவந்துவிட்டால் உங்கள் ஒற்றை அடுப்புக்கும் ஒரு வேலை மிச்சம்.


தவாவோ மாடிவீட்டுக்காரன்:

நேற்று நடந்ததை எழுதாமல் விட்டால் பாவம்.

ஐந்தரைக்கு எழுந்தேன். வாத்தியார் பேச்சைக் கேட்டு முதலில் பங்கெரோஹான் போய் புத்தோ மாயாவும் சிக்வாத்தேயும் வாங்கிவந்தேன். வழியில் ஜீப்னி குலுங்கியதில் சிக்வாத்தே பாதி என் சட்டையில். ஏழு மணிக்குத் தொசினோ. அக்கா, தண்ணீர் வற்றும் வரை எல்லாம் அழகாகப் போனது. பாகு ஒட்டுகிற நேரத்தில் அறைத்தோழன் வந்து, "என்ன வாசனை?" என்று கேட்டான். திரும்பிப் பதில் சொன்னேன். அவ்வளவுதான், நாலு துண்டு போய்விட்டது. மீதி பளபளவென்று வந்தது, நீங்கள் சொன்ன மாதிரியே பழுப்பாக.

சினங்காக்! உதிரி உதிரியாக, உண்மையிலேயே துள்ளியது. பூண்டு பொன்னிறம். அறைத்தோழன் நின்றபடியே ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டான், கருவாட்டுக் கோபம் தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

எட்டேகாலுக்குக் கேட் சத்தம். முட்டையைப் போட்டேன். முதல் முட்டையின் கரு உடைந்தது, அது எனக்கு. இரண்டாவது நின்றது. தட்டை இரண்டு கையால் பிடித்துக்கொண்டு படியிறங்கி, மேசையில் வைத்துவிட்டு, அவர் எனக்குச் செய்த மாதிரியே கதவைத் தட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

ஐந்து நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கீழேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். போனால் எனக்கும் ஒரு தட்டு எடுத்துவைத்து, தன் சோற்றில் பாதியை அதில் தள்ளியிருந்தார். தனியாகச் சாப்பிட முடியாதாம். வினிகரைக் கறிக்கு மட்டுமல்ல, சோற்றின் மேலேயே ஊற்றிக்கொண்டார். சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டும் என்றார். தொசினோவை யார் ஊறவைத்தது என்று கேட்டார், நான் என்றதும் நம்பவில்லை. மாடிக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார், அன்னாசிச் சாற்று டப்பாவைப் பார்த்த பிறகுதான் தலையாட்டினார்.

அப்புறம் வாணலியைப் பார்த்துவிட்டார். அவசரத்தில் சரியாகத் தேய்க்காத சர்க்கரை அடியில் கருங்கல்லாக உட்கார்ந்திருக்கிறது. வாணலி அவருடையது என்பதை முதல் பதிவில் சொல்ல மறந்துவிட்டேன். நேற்றிலிருந்து சோப்புத் தண்ணீரில் ஊறுகிறது, அசையவில்லை. என்ன செய்வது?


கேசோன் சிட்டி அக்கா:

சுரண்டாதே. தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடு. சர்க்கரைதானே, கரையும். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு தடவை. அந்த நாலு துண்டு கருகியது எப்படி என்று என் மாமியாருக்குச் சொல்ல மாட்டேன்.